பேர் வந்தாச்சு

முதனைக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டை ஒட்டி
கிடை போட்டிருந்த கொளஞ்சிநாதனின்
இருநூற்றுப் பதினோரு செம்மறிகளில்
பதினேழு, ஒரே வாரத்தில்
குட்டி வீசின.
ரோமம் அரும்பாத தோல்.
குளம்பு மட்டும் திட்டமாக வந்திருந்தது,
நடப்பதற்குத்தான் முதலில் தயாராகும் போல.

அவன் மணவாளநல்லூர் போய்
கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டினான்.
எதிரி: முத்தையன் மகன் தெய்வசிகாமணி.
குற்றம்: குட்டைத் தண்ணீரில் என்னவோ கலந்தது.

நானும் ஒரு மனு அனுப்பினேன்.
கையுறைமேல் கையுறை போட்டு
குறைக்குட்டியின் வயிற்று நீரை உறிஞ்சி
ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.
பக்கத்து சீட்டு அம்மா "மீனா?" என்றாள்.
"ஆமா" என்றேன்.
லேப் படிவத்தில்
எதிரி என்றொரு கட்டமே இல்லை.

பத்தொன்பதாம் நாள் போன் செய்தேன்.
"பேர் வந்தாச்சு."
"யாரு?"
"சால்மொனெல்லா."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது.
"எந்த ஊருங்க?"

எந்த ஊர் என்று சொல்வது.
வேப்பூர்ச் சந்தையில் பேரம் பேசி
நீயே ஓட்டிவந்து மந்தையில் சேர்த்தாயே மூன்று,
அதில் ஒன்றின் குடலில் சொகுசாக வந்திருக்கலாம்.
இதை நான் சொல்லவில்லை.
அந்தச் சீட்டில் பிறகு
அவன் தன் பேரையல்லவா எழுதவேண்டிவரும்.

மருந்தும் அதே கிருமிதான்.
அவனுடைய குட்டியிலிருந்து எடுத்து, வளர்த்து, கொன்று
சீசாவில் அடைத்துக் கொடுத்தார்கள்.
செத்த எதிரியைக் காட்டி
உடம்பை உஷார்ப்படுத்தும் வேலை.
முதல் பெட்டி நூற்றுப் பதினாறுக்குத்தான் வந்தது.
அஞ்சலாட்சி கழுத்தை அணைத்துப் பிடிக்க
தோளுக்குப் பின்னே தோலைக் கிள்ளித் தூக்கி
இரண்டு மில்லி.
போட்டதன் முதுகில் ஒரு கோடு நீலச் சாயம்.

அன்றிரவே பிடித்தது ஐப்பசி மழை.
நாலு நாள்.
அடுத்த பெட்டியோடு போனால்
கிடை கம்மாபுரம் பக்கம் பெயர்ந்திருந்தது.
ஒரு முதுகிலும் நீலமில்லை.
என் டைரியில் எண்ணிக்கை இருந்தது,
ஆடுகளில் எண் இல்லை.

கொளஞ்சிநாதன் படலைத் திறந்துவிட்டான்.
"உள்ள போய்ச் சும்மா நில்லுங்க மேடம்."

நின்றேன்.
மந்தை இரண்டாகப் பிரிந்தது.
ஒரு கூட்டம் என் வாடை பட்டதும்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி அந்தக் கோடிப் படலோடு ஒட்டிக்கொண்டது.
மற்றது மெல்ல வந்து
பையை முகர்ந்தது,
துப்பட்டா நுனியை மென்றது.

என்னை நம்பி வந்ததையெல்லாம் குத்தினேன்.

காது மடங்கிய கறுப்பி ஒன்று
ஓடவுமில்லை, வரவுமில்லை.
முதலில் குட்டி வீசியது அதுதான்.
டைரியில் "சந்தேகம்" என்று எழுதி
அதற்கும் போட்டேன்.
மூன்று வாரம் கழித்து, எல்லாவற்றுக்கும் இன்னொரு சுற்று.
அப்போது படலுக்குள் கால் வைத்ததுமே
மொத்தக் கிடையும் என்னைவிட்டு ஓடியது.
இந்த உத்தியோகத்தில் இவ்வளவு சந்தோஷமாக
எதுவும் என்னை வெறுத்ததில்லை.

தையில் குட்டிகள் இறங்கின. மூன்று வீசியது,
அது வேறெதுவாகவும் இருக்கலாம்.

நேற்று போன். பின்னால் கோயில் மணி.
"பிராத வாபஸ் வாங்க வந்தேன் மேடம்.
ராஜினாமா எழுதணும். தெய்வசிகாமணி பேர எடுத்துட்டு
அந்தப் பேரப் போடலாம்னு.
இன்னொரு தடவ சொல்லுங்க."
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
"தகப்பன் பேரு கேப்பாங்களே?"

தெய்வசிகாமணிக்கு இதொன்றும் தெரியாது.
இன்று காலை கைகாட்டி ஸ்கூட்டியை நிறுத்தி
"நம்ம ஆட்டுக்கு எப்ப?" என்கிறான்.
குட்டை அதேதான்.
பெட்டி காலி.
அவன் ஆடுகள், அத்தனையும்,
என்னைப் பார்த்து ஓடி வருகின்றன.